கிறிஸ்டாவின் பச்சைக் கார்

மகன்,

ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். யோசித்துச் சொல்லுறன் என்று வைத்துவிட்டேன். இங்கிலாந்தில் நடக்க ஏலாத ஆட்களுக்கு ஒரு திட்டத்தில் புதுக்காரை மூன்று வருஷத்துக்குக் கொடுத்து, தவணை முடிய அதைத் திருப்பி எடுத்து விற்பார்களாம், அப்படி ஒன்று உனக்குத் தோதாகக் கிடைத்திருக்கிறதாம், குறைய ஓடிய நல்ல காராம். ஆனால் நிரோஷாவுக்கு மனம் வரவில்லை என்றாய். அவளும் பின்னுக்கிருந்து, "மாமி, ஆரோ நடக்க ஏலாத வருத்தக்காரர் இருந்த கார். பிள்ளை பிறக்கப்போற நேரத்தில எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவளில் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்பதுதான் என்னைப் பிடித்து உலுப்பியது. நீ பின்சீட்டில் நித்திரை கொண்டு வளர்ந்த முதல் காரும் அப்படி ஒரு கார்தான். அந்தக் காரைப் பற்றிச் சொல்வதென்றால் உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா எப்படிப் போனார் என்று நீ என்னிடம் கேட்டதில்லை. சண்டையில் செத்தவர் என்று ஆட்கள் சொன்னதைக் கேட்டு, அதோடு இருந்துவிட்டாய். இப்போது நீயும் தகப்பனாகப் போகிறாய். இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும்.

உன் அப்பா மன்னாரில் ஒரு மீன் முதலாளியிடம், சம்மாட்டி என்போம், லொறி ஓடினவர். மீன் பெட்டி, உப்பு மூட்டை, மழைக்காலத்தில் நெல்லு, எதை ஏற்றினாலும் அவர் ஓடுகிற லொறிக்கு ஒரு மதிப்பு இருந்தது. சந்தியில் ஆட்கள் ஹோர்ன் சத்தத்தை வைத்தே அவர்தான் வருகிறார் என்று சொல்வார்கள். எனக்குக் குழந்தையில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனது உனக்குத் தெரியும். இரும்புச் சட்டம் போட்டுத்தான் நடப்பேன். அப்படியான என்னைக் கேட்டு வந்து கட்டினவர் அவர். கலியாணம் முடிந்த புதிதில் லொறியின் முன்பக்கத்தில் என்னைத் தூக்கி இருத்தி, கடற்கரை றோட்டில் கொண்டுபோவார். தூக்கும்போது ஒரு நாளும் முகத்தைச் சுளித்ததில்லை. நீ என் வயிற்றில் இருந்த காலத்தில், ஒரு சோதனைச் சாவடியில் லொறியை மறித்து அவரை இறக்கிக்கொண்டு போனார்கள். முகாமில் வைத்து அடித்தார்கள். விட்டபோது தலையின் இடது பக்கத்தில் ஒரு வெட்டுக்காயம் தைத்திருந்தது. அதற்குப் பிறகு அவர் ஊரில் லொறி ஏறவில்லை. நீ பிறந்து தவழத் தொடங்கிய நேரம், இருந்ததையெல்லாம் விற்று, கிழக்கு பெர்லின் வழியாக ஜேர்மனிக்குள் வந்தோம்.

டுசல்டோர்ஃப் பக்கம் ஒரு சின்ன நகரத்தில் எங்களை விட்டார்கள். ஒரு பழைய பள்ளிக்கூடத்தை அகதிகள் விடுதியாக்கியிருந்தார்கள், ஹைம் என்று சொல்வோம். வகுப்பறையைப் பலகையால் பிரித்து ஒரு குடும்பத்துக்கு ஒரு பகுதி. அங்கே ஒரு காலமை, தேத்தண்ணிக் கோப்பை அப்பாவின் கையிலிருந்து விழுந்தது. கோப்பைக்குப் பிறகு அவர் விழுந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பக்கத்துப் பகுதியில் இருந்த எரித்திரியாப் பெண் ஓடிவந்து தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோடு நின்றேன். எழும்பினதும் அப்பா சொன்ன முதல் கதை, "தலைச்சுத்து. ஒருத்தருக்கும் சொல்லாதை." பிறகும் அது வந்தது. அவர் எப்போதும் அதைத் தலைச்சுத்து என்றே சொன்னார். நானும் அப்படியே சொன்னேன்.

அந்த நாட்களில் எங்களைப் போல ஆட்களுக்கு வேலை செய்ய விடமாட்டார்கள், மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் விடமாட்டார்கள். நான் மாதா கோயிலில் பங்குப் பெண்கள் நடத்திய வகுப்புக்குப் போய் டொச், ஜேர்மன் மொழி, படித்தேன். அப்பா ஹைமின் படிக்கட்டில் இருந்து றோட்டைப் பார்ப்பார். லொறிகள் போகும். "பாரம் சரியா ஏத்தேல்லை, இடப்பக்கம் சாயுது" என்பார். "இவன் கியர் மாத்திற சத்தத்தைக் கேள்" என்பார். ஒரு கார் இருந்தால், லைசன்ஸ் எடுத்தால், வேலை செய்யலாம் என்ற நாள் வரும்போது தான் ஆயத்தமாக இருப்பேன் என்பது அவருடைய கணக்கு. அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவரது குரல் பழையபடி இருக்கும்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, வின்க்ளர் என்ற ஒரு மனிதர் எங்களிடம் வந்தார். மூடிக்கிடந்த செங்கல் சூளைக்குக் காவல் இருந்தவர், மனைவி இல்லாதவர். என் காலையே பார்த்துக்கொண்டு கதைத்தார். அவருக்கு கிறிஸ்டா என்று ஒரே மகள். குளத்தில் தலைகீழாகப் பாய்ந்து முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனவள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் வேலைக்குப் போய்வர உதவுகிற ஒரு திட்டத்தில் அவளுக்கு ஒரு கார் கிடைத்தது. குறிப்பிட்ட காலத்துக்குப் பாவிக்கக் கொடுப்பார்கள், பிறகு விரும்பினால் குடும்பமே அதை எடுத்துக்கொள்ளலாம். தவணை முடிகிறதுக்கு முன்னமே கிறிஸ்டா செத்துப்போனாள், நெஞ்சில் சளி கட்டி. வின்க்ளர் காரை எடுத்து கராஜில் பூட்டி வைத்திருந்தார். "வாங்க நிறையப் பேர் வந்தார்கள்," என்றார். "எல்லாரும் முதல் கேட்பது, காலுக்குப் பதிலாகக் கையால் ஓட்டப் பூட்டின அந்தக் கைப்பிடியைக் கழற்றித் தருவீங்களா என்று. நான் கொடுக்கவில்லை."

அப்பாவுக்கு நான் அதைத் தமிழில் சொன்னபோது கைப்பிடி என்ற பகுதி அவர் காதில் ஏறவே இல்லை. கார் என்பது மட்டும் ஏறியது. அடுத்த நாளே போய்ப் பார்த்தோம். ஒரு சின்னப் பச்சைக் கார், கியர் தானாக மாறுவது. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் ஒரு இரும்புக் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் ஓடும், தள்ளினால் பிறேக். ஓட்டுகிறவருடைய கதவின் உட்பக்கம் முழுக்கக் கீறல், சக்கர நாற்காலியை மடித்துத் தூக்கிப் பின்னுக்குப் போட்ட கீறல். அப்பா பொனற்றைத் திறந்து அரைமணித்தியாலம் உள்ளுக்குத் தலையை விட்டுக்கொண்டு நின்றார். வின்க்ளர் சொன்ன விலை எங்களால் கொடுக்கக்கூடியது. என் காலைப் பார்த்துத்தான் அந்த விலை சொன்னார் என்று எனக்குத் தெரியும். அப்பா தமிழில், "எடுப்பம். இந்தக் கம்பியை அன்ரனைக் கொண்டு கழட்டலாம்" என்றார். அன்ரன் என்பது பக்கத்து ஊரில் இருந்த எங்கட ஆள், மெக்கானிக் வேலை தெரிந்தவர். அந்த வசனத்தை நான் டொச்சில் சொல்லவில்லை.

அன்ரன் வருகிறதுக்கு முன்னம் லைசன்ஸ் அலுவல் வந்தது. ஊர் லைசன்ஸ் இங்கே ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், அது முடிந்துவிட்டது. புதிதாக எடுக்க டொக்டரிடம் போகவேண்டும். நான்தான் மொழிபெயர்க்கப் போனேன். டொக்டர் வயதானவர், அமைதியான ஆள். எல்லாம் சோதித்துவிட்டு, "உங்களுக்கு எப்போதாவது நினைவு தப்பியிருக்கிறதா?" என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். அப்பா என்னைப் பார்க்காமல், "இல்லையெண்டு சொல்லு" என்றார். இல்லை என்று சொன்னேன். டொக்டர் எழும்பி வந்து அப்பாவின் தலைமயிரை விலக்கி, அந்தத் தழும்பை விரலால் தடவினார். தழும்புக்குக் கீழே எலும்பு பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தில் அவரது விரல் நின்றது. பெரிய ஆஸ்பத்திரியில் தலையில் வயர் ஒட்டிச் சோதிக்க அனுப்பினார். அந்தச் சோதனையில் எல்லாம் தெரிந்துவிட்டது. இனி வாகனம் ஓட ஏலாது, குளிசை போடவேண்டும், வருஷக்கணக்கில் வலிப்பு வராமல் இருந்தால் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பஸ்ஸில் வரும்போது அப்பா முன்னுக்குப் போய் டிரைவருக்குப் பின்சீட்டில் இருந்தார். நான் பின்னுக்கு இருந்தேன். எல்லாப் பிறேக்குக்கும் அவருடைய வலது கால் தரையை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கார் ஹைமின் பின்பக்கம் சும்மா நின்றது. அப்பா அதைத் துடைப்பதைக்கூட விட்டுவிட்டார். வின்க்ளர் ஒரு நாள் பார்க்க வந்து, காரில் தூசி இருப்பதைக் கண்டு, என்னிடம் கேட்டார், "ஏன் நீங்கள் பழகவில்லை? இது உங்களுக்கென்றுதானே தந்தேன்." எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சைக்கிள்கூட ஓடினதில்லை. ஊரில் என்னைப் பிறர் கொண்டுபோவார்கள், கொண்டுவருவார்கள். அன்று பின்னேரம் அப்பாவிடம் பகிடியாகத்தான் அதைச் சொன்னேன். அப்பா எழும்பிப் போய்த் துணியை எடுத்துக் காரின் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "ஏறு பாப்பம்" என்றார்.

மகன், அதற்குப் பிறகு வந்த கோடைகாலத்தைத்தான் நான் இப்போதும் நினைத்துக்கொள்வது. றோட்டில் பழகக்கூடாது, சட்டம். ஆனால் சூளையின் முற்றம் பெரியது, சுற்றிவர மதில், வின்க்ளரின் பொறுப்பில் இருந்தது. அவரே காரை ஓடி அங்கே கொண்டுவந்து விடுவார். பூசை முடிந்து சாப்பாட்டோடு போவோம். நீ செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் வின்க்ளரோடு இருப்பாய். அப்பா என் பக்கத்துச் சீட்டில். எவ்வளவு நல்ல வாத்தியார் என்று நான் அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு நாளும் சத்தம் போடவில்லை. "கையைப் பாராதை, போற இடத்தைப் பார். கை தன்ரபாட்டில போகும்." முதல் இரண்டு கிழமையும் தூர ஓட விடவில்லை. நிறுத்தத்தான் பழக்கினார். ஒரு செங்கலை வைத்து, அதற்கு ஒரு சாண் முன்னுக்கு நிறுத்து என்பார். பிறகு ஓரமாக நிறுத்து என்பார். "பின்னுக்கு இருபது பேர் இருக்கினம் எண்டு நினை. ஒருத்தரும் முன்னுக்குச் சரியக்கூடாது." நான் சரியாக நிறுத்தினால், அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வலிப்பும் அந்த மாதங்களில் வரவில்லை. குளிசையோ, சந்தோசமோ.

பிறகு ஒழுங்கான பயிற்சிக்காரரிடம் எங்கட காரிலேயே பழகி, சோதனைக்குப் போனேன். சோதனைக்காரர் என் இரும்புச் சட்டத்தைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார், பிறகு நான் ஓடுவதைப் பார்த்தார். முதல் முறையே பாஸ். வெளியே அப்பா நின்றார். "எடுத்திட்டியோ?" என்றார். "ஓம்" என்றேன். தலையை ஆட்டினார். ஹைமில் இருந்த எல்லாருக்கும் அவர்தான் சொல்லித் திரிந்தார். அன்று இனிப்புக்கூட வாங்கினார். ஆனால் நான் லைசன்ஸோடு முதல் நாள் றோட்டில் இறங்கியபோது, பக்கத்தில் இருந்தவர் வாய் திறக்கவே இல்லை. நான் பிழை விட்டபோதும் சொல்லவில்லை. சொல்லுங்கோவன் என்றேன். "உனக்கு இப்ப தெரியும்தானே" என்றார்.

அந்த மாரியில் அவருக்கு ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவ வேலை செய்ய அனுமதி கிடைத்தது. நான் கொண்டுபோய் இறக்குவேன். ஒரு நாள் அவரோடு வேலை செய்கிற ஒருவன் கதவடியில் நின்று, "உன் மனைவியா ஓடுகிறாள்? நீ ஊரில் டிரைவர் என்று சொன்னாய்?" என்று சிரித்தான். கெட்ட எண்ணத்தோடு கேட்டிருக்கமாட்டான். அடுத்த நாள் அப்பா, "சந்தியில இறக்கிவிடு" என்றார். அதற்கடுத்த கிழமை, "நடந்து போறன், காலுக்கு நல்லது" என்றார். பனியில் நடந்து போனார். நான் காரை எடுத்துக்கொண்டு பங்கில் இருந்த வயதான பெண்களைப் பூசைக்கும் டொக்டரிடமும் ஏற்றி இறக்கினேன். என்னை எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவரை என் புருஷன் என்று சொன்னார்கள். அதை அவர் ஒரு நாளும் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்போம், தீர்ந்திருக்கும்.

அடுத்த வருஷம் ஊரில் ஒப்பந்தம் வந்தது, சண்டை ஓய்ந்தது என்றார்கள். இந்தியப் படை வந்திறங்கியதை ஹைமின் தொலைக்காட்சியில் பார்த்தோம். சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள். ஒரு கிழமை கழித்து, நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற நேரம் அப்பா வந்து சொன்னார், "நான் போறன்."

"எங்கை?"

"ஊருக்கு. சம்மாட்டி திரும்பி லொறி விடுறாராம். ஆள் இல்லையாம்."

"உங்களுக்கு ஓட ஏலாது எண்டு டொக்டர் சொன்னவர்."

"அங்கை ஆர் என்னட்டை டொக்டர் கடுதாசி கேக்கப்போறான்?"

"வலிப்பு வந்தால்?" என்றேன். அந்தச் சொல்லை அவருக்கு முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் கோபப்படவில்லை. "வரமுதல் எனக்குத் தெரியும். வாயில இரும்பு நக்கினமாதிரி ஒரு ருசி வரும். அது வந்தால் ஓரங்கட்டிப்போடுவன்" என்றார். பிறகு சொன்னார், "இஞ்சேர், இங்கை நான் வருத்தக்காரன். அங்கை நான் டிரைவர். ஒரு வருஷம் பாப்பம். நல்லா இருந்தால் உங்களைக் கூப்பிடுறன். நீயும் பிள்ளையும் இப்ப வரவேண்டாம்."

திரும்பிப் போனால் மறுபடி வர ஏலாது என்று அவருக்குத் தெரியும். அகதியாக ஏற்கச் சொல்லிப் போட்ட எங்கட அசூல் வழக்குக்கும் அது கூடாது என்று நான் சொன்னேன். கெஞ்சினேன். பங்குச் சுவாமியார் வந்து கதைத்தார். வின்க்ளரும் வந்து, மொழி இல்லாமல், அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனார். அப்பா யாரையும் எதிர்த்துக் கதைக்கவில்லை. எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மனம் மட்டும் மாறவில்லை.

விமான நிலையத்துக்கு நான்தான் ஓடிக்கொண்டு போனேன். மாவட்டம் தாண்ட அனுமதி எடுத்து வைத்திருந்தேன். ஓட்டோபான் என்ற பெருந்தெருவில் அதற்கு முன்னம் நான் ஓடினதில்லை. பெரிய லொறிகள் பக்கத்தால் போகும்போது கார் ஆடும். நீ பின்சீட்டில் நித்திரை. அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். விமான நிலைய வாசலில் ஓரமாக நிறுத்தினேன். ஒருவரும் முன்னுக்குச் சரியவில்லை. அவர் கையை நீட்டி அந்தக் கைப்பிடியைத் தொட்டார். "இதைக் கழட்டாமல் விட்டது நல்லது" என்றார். உன்னை எழுப்பவேண்டாம் என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். எனக்கு இறங்கிப் போய் வழியனுப்ப நேரம் தரவில்லை. அங்கே காரை நிற்பாட்டி வைக்க விடமாட்டார்கள், பின்னுக்கு ஹோர்ன் அடித்தார்கள். நான் எடுத்தேன். கண்ணாடியில் அவரைத் தேடினேன். சனத்துக்குள் போய்விட்டார்.

அப்பா போய்ச் சேர்ந்து கொஞ்சக் காலத்துக்குள்ளேயே அங்கே திரும்பச் சண்டை தொடங்கிவிட்டது. ஆனால் அவரிடமிருந்து வந்த செய்தியெல்லாம் சந்தோசமான செய்தி. லொறி ஓடுகிறேன், எஞ்சின் பழசு, ஆனால் நான் சொன்னால் கேட்கும் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டார். தவக்காலத்தில் ஒரு நாள் மத்தியானம் சுவாமியாரும் வின்க்ளரும் சேர்ந்து ஹைமுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து வந்ததைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. மன்னாரில் இருந்து ஒரு சுவாமியார் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து பங்குக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறார்.

நடந்தது இதுதான். ஷெல் விழுகிறது என்று சனம் ஊர் விட்டுப் போன நாள். அப்பா லொறி நிறையக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். கிழவர்கள், பிள்ளைகள், ஆடுகூட ஏற்றியிருந்தார்களாம். வழியில், ஒரு காரணமும் இல்லாமல் லொறி வேகம் குறைந்தது. மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போனது. ஒரு பாலை மரத்தடியில் நின்றது. பின்னுக்கு இருந்தவர்கள், தண்ணி குடிக்க நிற்பாட்டியிருக்கிறார் என்று நினைத்தார்களாம். நேரம் போகவும் ஒருவர் இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார். கைப்பிறேக் இழுத்திருந்தது. எஞ்சின் நிறுத்தியிருந்தது. அப்பா ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து கிடந்தார். வலிப்பு வந்து, அடுத்தடுத்து விடாமல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் போய்விட்டது. லொறியில் இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இதை நீ அறியவேண்டும். யாரும் அவரைச் சுடவில்லை. சண்டையில் செத்தவர் என்று சொல்வது ஒரு வகையில் உண்மைதான், அந்த அடி இல்லாவிட்டால் அந்த வலிப்பும் இல்லை. ஆனால் அவருடைய கடைசி வேலை என்னவென்று உன்னிடம் யாரும் சொல்லவில்லை.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அப்பா போன உடனேயே எங்கட வழக்கைப் பார்த்த அதிகாரி கேட்டிருந்தார், "உங்கள் கணவர் தானாகத் திரும்பிப் போயிருக்கிறார். அப்படியென்றால் அங்கே பயமில்லை என்றுதானே?" செத்த செய்திக்குப் பிறகு எனக்கு மறுபடி ஒரு டேர்மின் வந்தது, விசாரணைக்கு. ஹைமில் இருந்த எங்கட ஆட்கள், "அக்கா, ஆமி சுட்டதெண்டு சொல்லுங்கோ. வலிப்பெண்டு சொன்னால் உங்களையும் பிள்ளையையும் அனுப்பிப்போடுவாங்கள்" என்றார்கள். எனக்கு நல்லதுக்குத்தான் சொன்னார்கள். அவ்வளவு கவனமாக ஓரங்கட்டி நிறுத்தின மனிசனை, சுட்டு விழுத்தினதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலிப்பு என்றே சொன்னேன். வலிப்பு எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். அதிகாரி நம்பினதாகத் தெரியவில்லை. பங்கு பிடித்துத் தந்த வழக்கறிஞர் அந்த டொக்டரைத் தேடிப் போனார், அப்பாவுக்கு ஓட ஏலாது என்று சொன்ன அதே டொக்டரை. அவர் தானே நேரில் வந்தார். அந்தத் தழும்பு விழுந்து வந்த தழும்பு இல்லை, கனமான ஒன்றால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால்தான் எலும்பு அப்படிப் பள்ளமாகும் என்று சொன்னார். அவருடைய வாயால் வந்தபடியால் அதை நம்பினார்கள். நாங்கள் இந்த நாட்டில் இருக்க விடப்பட்டது அதனால்தான். அப்பாவின் கையில் இருந்து ஸ்டியரிங்கைப் பறித்த அதே சோதனைதான் உனக்கும் எனக்கும் இருக்க இடம் தந்தது.

விசாரணை முடிந்து வெளியே நடையில் அந்த டொக்டர் எனக்காகக் காத்து நின்றார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் அன்றைக்கு அனுமதி கொடுத்திருந்தால் அவர் இங்கேயே இருந்திருப்பாரா?" என்று கேட்டார். நான், "தெரியாது ஹெர் டொக்டர்" என்றேன். அனுமதி கொடுத்திருந்தால் ஓட்டோபானில் எந்தக் குடும்பத்தின் மேல் போய் விழுந்திருப்பாரோ. கொடுக்காதபடியால் அவர் போனார். இரண்டில் எது சரி என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிறகு நான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினேன். அழுதுகொண்டு ஓடக்கூடாது என்று கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

பச்சைக் கார் அடுத்த வருஷம் வாகனச் சோதனையில் நிற்கவில்லை, அடியெல்லாம் துரு. வின்க்ளர் பழைய இரும்புக்காரனிடம் என்னோடு வந்தார். காரில் இருந்து ஏதாவது எடுக்கப்போகிறீர்களா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்றார். "அவளை வேலைக்குக் கொண்டுபோனது. உங்களை எங்கெல்லாமோ கொண்டுபோனது. போதும்" என்றார். நான் பிறகு முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலை எடுத்து, பென்சன் வரும்வரை அதையே செய்தேன். நான் ஓடி உழைத்துத்தான் நீ படித்தாய். கிறிஸ்டாவை நான் கண்டதே இல்லை. ஆனால் அவளுடைய காரில் பழகிய கையால்தான் எங்கட வீட்டில் அடுப்பு எரிந்தது. இதை நிரோஷாவுக்கு வாசித்துக் காட்டு. அவளுக்குப் புத்தி சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம் என்று சொல்லு. எனக்கு அந்தக் காரால் ஒரு கெடுதியும் வரவில்லை. வந்த கெடுதியெல்லாம் வேறு பக்கத்தால் வந்தது.

கார் பார்க்கப் போகும்போது வெளிச்சத்தில் போ. கம்பளத்தைத் தூக்கிப் பார், கைப்பிடியோ சாய்தளமோ பூட்டிக் கழற்றியிருந்தால் அடியில் ஓட்டை இருக்கும், அதை ஒழுங்காக அடைத்தார்களா என்று பார், இல்லாவிட்டால் தண்ணி இறங்கித் துருப்பிடிக்கும். நாற்காலியின் பாரத்தால் பின்பக்கம் பதிந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார். கதவுக் கீறலுக்கு விலை குறைக்கச் சொல்லிக் கேளாதே. நிரோஷாவையும் கூட்டிக்கொண்டு போ, ஓட்டுகிற சீட்டில் அவளையும் இருத்திப் பார். கார் உன்னுடையது என்று நினைத்து வாங்காதே. வீட்டில் இரண்டு பேருக்கும் ஓடத் தெரியவேண்டும், இரண்டு பேருக்கும் பக்கத்தில் இருக்கவும் தெரியவேண்டும். என் வாழ்க்கையில் நான் படித்த பாடம் அந்த இரண்டாவதுதான், அதைப் படிக்க எங்கள் இரண்டு பேருக்கும் காலம் போதவில்லை.

ஒரு விஷயம் ரெலிபோனில் சொல்லாமல் விட்டேன். போன மாதம் கண் டொக்டர், இனிக் கார் ஓடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறதாம். நல்ல பெண், பொறுமையாகத்தான் சொன்னாள். நானும் நன்றி சொன்னேன். காரைப் பக்கத்து வீட்டுக்காரி வந்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள், நான் அவளோடு ஏறாமல் பஸ்ஸில் வந்தேன். அன்று முழுக்க ஒருவரோடும் கதைக்க மனம் வரவில்லை. உன் அப்பா எங்களை விட்டுப் போனார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இவ்வளவு காலமும் இருந்தது. அந்த பஸ்ஸில் இருந்து வரும்போது அது எங்கே போனதென்று தெரியவில்லை. அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இல்லை, மகன்.

பிள்ளை பிறந்ததும் வருவேன். ஸ்டேஷனுக்கு நீ வா, அல்லது அவளை அனுப்பு. முன்சீட்டில் என்னை இருத்திக்கொண்டு ஓடுங்கோ. பிழை விட்டால் நான் வாய் திறந்து சொல்லுவேன். பேசாமல் வரமாட்டேன்.

அம்மா